கோலாலம்பூர் விடுதியில் இரண்டு அரிசி: ஒரு நிகழ்வு ஆய்வு

1905 டிசம்பர் 5ஆம் தேதி, கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் இருந்த எல்லோரையும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிற்க வைத்தார்கள். இடப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போனார்கள். ஒற்றைப்படை எண் விழுந்தவர்கள் முற்றத்தின் கிழக்கே இருந்த வார்டுக்குப் போனார்கள், இரட்டைப்படை விழுந்தவர்கள் மேற்கே இருந்த வார்டுக்கு. இரண்டும் ஒரே மாதிரியான கட்டடங்கள், சுற்றிலும் ஒரே மதில். குடிக்கும் தண்ணீரும் காய்கறியும் மீனும்கூட இரு பக்கமும் ஒன்றுதான். ஒரே ஒரு வித்தியாசம்: கிழக்கு வார்டுக்குச் சியாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) வந்த வெள்ளைப் பச்சரிசி, மேற்கு வார்டுக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர். அந்த ஆண்டு முழுக்க விடுதியில் பெரிபெரி நோய் ஆட்டிப்படைத்திருந்தது. சிகிச்சையில் இருந்த 219 பேரில் 94 பேருக்கு நோய் கண்டது, அதில் 27 பேர் இறந்தார்கள். மருந்துக்கு நோய் அசையவில்லை, சுத்தம் செய்தும் நிற்கவில்லை. கடைசியில் அரிசியை மாற்றிப் பார்த்தார்கள்.

மனித உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. வயிறு நிறைந்த மனிதன் பட்டினியால் சாகலாம் என்பதை இது காட்டுகிறது. அதோடு, நம் வீட்டு அடுக்களையில் தினமும் புழங்கும் ஒரு பொருள் இந்தக் கதையின் நடுவில் இருக்கிறது.

நோயும் நோயாளிகளும்

பெரிபெரி பெரும்பாலும் காலில்தான் தொடங்கும். பாதம் மரத்துப்போகும், கெண்டைக்கால் சதையை லேசாக அமுக்கினாலே வலிக்கும். கொஞ்ச நாளில் முழங்காலைத் தட்டினால் கால் துள்ளாது. நோயாளியைக் குந்தி உட்காரச் சொல்லி, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னால் எழ முடியாது. தன் தொடையையே பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஏறுவார். கிராமங்களில் ஆய்வு செய்யப் போன மருத்துவர்களுக்கு எந்தக் கருவியும் இல்லாமல் நோயைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனை ஒன்றே போதுமானதாக இருந்தது. முற்றிய நிலையில் மணிக்கட்டும் பாதமும் தொங்கிவிடும், ஆள் எலும்பும் தோலுமாகிப் படுத்துவிடுவார். இதை உலர் பெரிபெரி என்பார்கள்.

இன்னொரு வகை இதற்கு நேர்மாறாகத் தெரியும். கால் வீங்கும், முன்னங்கால் எலும்பின் மேல் விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். பிறகு வயிறும் முகமும் வீங்கும். நெஞ்சு படபடக்கும், படுத்தால் மூச்சு முட்டும். இந்த ஈர பெரிபெரியில் இதயம்தான் அடிவாங்குகிறது. காலையில் நடமாடிக்கொண்டிருந்தவர் இரவுக்குள் இறந்துபோவதும் உண்டு.

அன்றைய மலாயாவில் இது யாரைத் தாக்கியது, யாரை விட்டது என்று பார்த்தாலே ஒரு பெரிய துப்பு கிடைத்திருக்க வேண்டும். வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். அதே ஊரில், அதே வெயிலில், அதே கொசுக்கடியில் தோட்டங்களிலும் ரயில் பாதையிலும் வேலை பார்த்த தமிழர்களுக்கு நோய் அரிதாகவே வந்தது. கிராமத்து மலாய்க்காரர்களுக்கும் அப்படித்தான். மலாயாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இதை ஆண்டுக்கணக்கில் கவனித்து 1907இல் ஒரு பெரிய நூலாகவே எழுதினார். சீனர்கள் சாப்பிட்டது சியாம், ரங்கூன் ஆலைகளில் இயந்திரத்தில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர்கள் தங்கள் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது உரலில் குத்திச் சாப்பிட்டார்கள். தமிழர்களுக்கோ புழுங்கல் அரிசி இல்லாமல் சோறு இறங்காது. ரேஷனாக எது கொடுத்தாலும் புழுங்கலைத்தான் கேட்டு வாங்கினார்கள். அந்தத் தமிழர்களே சிறைக்குப் போய் வெள்ளைப் பச்சரிசி தின்ன நேர்ந்தால் அவர்களுக்கும் பெரிபெரி வந்தது. ஆக, தமிழ் உடம்பில் எந்தத் தனிப் பலமும் இல்லை. காத்தது தட்டில் இருந்த அரிசி.

இத்தனை பார்த்த பிராடனும் காரணத்தைச் சொல்லும்போது பிசகிவிட்டார். வெள்ளை அரிசி பழசாகும்போது அதில் ஏதோ நஞ்சு உண்டாகிறது, பூஞ்சை மாதிரி ஒன்று என்பது அவர் முடிவு. அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. காசநோய், காலரா என்று நோய்க்கு நோய் கிருமிகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த காலம் அது. நோய் என்றால் வெளியிலிருந்து ஏதோ ஒன்று உடம்புக்குள் வர வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உள்ளே இருக்க வேண்டிய ஒன்று இல்லாமல் போவதே ஒரு நோய் என்ற எண்ணம் மருத்துவத்தில் இன்னும் ஊன்றவில்லை. பெரிபெரி வந்த கட்டடத்தையே காலி செய்து, தரையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்த மருத்துவர்களும் இருந்தார்கள்.

ஓராண்டில் நடந்தது

ஃபிளெட்சரின் ஏற்பாடு 1906 முழுக்க நீடித்தது. ஆண்டின் நடுவில் அவர் இன்னொன்றும் செய்தார். கிழக்கு வார்டுக்காரர்களை மேற்கேயும் மேற்கு வார்டுக்காரர்களைக் கிழக்கேயும் இடம் மாற்றினார். ஆனால் அவரவர் சாப்பிட்ட அரிசியை மாற்றவில்லை. கட்டடத்தில்தான் நோய் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், இப்போது புழுங்கல் அரிசிக்காரர்களுக்கு வர வேண்டும். வரவில்லை. நோய் வார்டில் தங்காமல் அரிசியோடு கூடவே போனது.

ஆண்டு முடிவில், புதிதாக வந்து சேர்ந்தவர்களையும் சேர்த்து, பச்சரிசி சாப்பிட்டவர்கள் 120 பேர். அவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் பெரிபெரியில் விழுந்தார்கள், 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் சாப்பிட்டவர்கள் 123 பேர். அவர்களில் நோயோடு இருந்தவர்கள் இரண்டே பேர். அந்த இருவரும் விடுதிக்குள் வரும்போதே நோயோடு வந்தவர்கள். சாவு ஒன்றுகூட இல்லை.

மருத்துவ ஆய்வு முறையாக இதைப் பார்த்தால் அந்தக் காலத்துக்கு மிக நேர்த்தியானது. யாருக்கு எந்த அரிசி என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் எண்ணின்படி பிரித்தது, இட மாற்றத்தால் கட்டடத்தின் பங்கைச் சோதித்தது இரண்டும் இன்றைக்கும் பாடமாகச் சொல்லத் தகுந்தவை. ஆனால் அந்த 18 பேரைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்கும் வழக்கமும் அன்று இல்லை. மனநோயாளிகள், மதிலுக்குள் அடைபட்டவர்கள், வேறு சாப்பாடு தேடிப் போக வழியற்றவர்கள். சில மாதங்களிலேயே எந்தப் பக்கம் சாகிறார்கள் என்று தெரிய ஆரம்பித்த பிறகும் ஆண்டு முடியும்வரை பச்சரிசிக்காரர்களின் சோற்றில் மாற்றமில்லை. இன்று ஓர் ஆய்வுக்குழு இப்படிச் செய்தால் மேற்பார்வைக் குழு நடுவிலேயே நிறுத்தச் சொல்லும். இந்த ஆய்வால் நாம் அறிந்துகொண்டதையும், அதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஃபிளெட்சர் தன் முடிவை அடக்கமாகவே எழுதினார். பச்சரிசியில் நஞ்சு இருக்கலாம். அல்லது அதில் சத்துக் குறைவு இருக்கலாம். அல்லது அந்தச் சத்துக் குறைவால் உடம்பு தளர்ந்து, ஏதோ கிருமி எளிதாக நுழையலாம். மூன்று வாசலையும் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

மூன்றில் எது என்பதைத் தீர்த்தவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர். நெகிரி செம்பிலானில் காட்டுக்குள் சாலை போட வந்த சுமார் 300 ஜாவாத் தொழிலாளர்களை இரு குழுவாகப் பிரித்துத் தனித்தனி முகாம்களில் தங்கவைத்தார்கள். வெள்ளை அரிசி முகாமில் ஏறத்தாழ மூன்று மாதத்தில் நோய் வந்தது, அரிசியை மாற்றியதும் நின்றது. பிறகு அவர்கள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிக் கோழிகளுக்கு அதே வெள்ளை அரிசியைக் கொடுத்தார்கள். கோழிகள் கால் மடங்கி விழுந்தன. ஆலையில் வீணென்று ஒதுக்கும் தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தால் விழவில்லை. நஞ்சு என்றால் தவிடு சேர்த்ததும் அது எங்கே போகும்? அரிசியைத் தீட்டும்போது நல்லது ஒன்று கழன்று போகிறது, அது தவிட்டில் இருக்கிறது என்று 1909இல் எழுதினார்கள். 1910இல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளை அரிசியே தொடர்ந்து முக்கிய உணவாக இருப்பதோடு பெரிபெரிக்குத் தொடர்பு உண்டு என்று தீர்மானமே போட்டது.

கடலுக்கு அப்பால் ஜாவாவில் டச்சு மருத்துவர்கள் இதற்கு முன்பே இந்த இடத்துக்கு வந்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். படேவியா (இன்றைய ஜகார்த்தா) ராணுவ மருத்துவமனையில் ஐக்மன் வளர்த்த கோழிகள், நோயாளிகளுக்கு வடித்த சோற்றில் மிஞ்சியதைத் தின்று நொண்டின. தீட்டாத சாதாரண அரிசிக்கு மாற்றியதும் தேறின. 1901இல் அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ், இது ஒரு சத்தின் குறைபாடு என்று சரியாகவே சொன்னார். டச்சு மொழியில் எழுதியதால் மலாயாவிலும் லண்டனிலும் அதிகம் பேர் படிக்கவில்லை. 1929இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

கழன்று போன அந்த ஒன்றின் பெயர் தியாமின், வைட்டமின் பி1. ஆணுக்கு ஒரு நாளைக்கு 1.2 மில்லிகிராம் போல வேண்டும், பெண்ணுக்கு 1.1, கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் கொஞ்சம் கூடுதல். ஒரு வருடத்துக்கு வேண்டியதைக் கூட்டினாலும் அரை கிராம் வராது. இவ்வளவு சின்ன அளவு இல்லாமல் போனதற்கு ஏன் இதயம் நிற்க வேண்டும்?

நாம் சாப்பிடும் சோறு குடலில் உடைந்து குளுக்கோஸாக ரத்தத்தில் சேர்கிறது. ஒவ்வொரு செல்லும் அதை உள்ளே இழுத்து, முதல் கட்டமாகப் பைருவேட் என்ற பொருளாக உடைக்கிறது. இதில் கிடைக்கும் சக்தி மிகக் குறைவு. மீதிச் சக்தி முழுவதும் பைருவேட்டுக்குள் அடைபட்டிருக்கிறது. அதை எடுக்க வேண்டுமென்றால் பைருவேட் செல்லின் சக்திக்கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய், ஆக்சிஜனோடு எரிய வேண்டும். அந்த வாசலில் நின்று வேதிவினையை நடத்தும் நொதி (என்சைம்) தியாமின் கூட இருந்தால்தான் வேலை செய்யும். உள்ளே நடக்கும் எரிப்புச் சுழற்சியில் இருக்கும் இன்னொரு முக்கியமான நொதிக்கும் தியாமின் வேண்டும். தியாமின் தானே எரிவதில்லை, சக்தி தருவதுமில்லை. அடுப்பு நிறைய விறகு அடுக்கியிருக்கிறது, தீக்குச்சிதான் இல்லை, நிலைமை அப்படித்தான்.

எரிய முடியாத பைருவேட் சும்மா இருக்காது, லாக்டிக் அமிலமாக மாறி ரத்தத்தில் சேரும். இன்னும் சோறு போட்டால் இன்னும் பைருவேட், இன்னும் அமிலம். அதனால்தான் வெள்ளைச் சோற்றை வயிறு முட்டத் தின்ற சுரங்கத் தொழிலாளி, குறைவாகச் சாப்பிட்டவரைவிட முதலில் விழுந்தார். மாவுச்சத்து கூடக்கூடத் தியாமின் தேவையும் கூடுகிறது, கடும் உழைப்பும் தேவையை ஏற்றுகிறது. கடன் வாங்கிய கூலி, மலிவான அரிசி, தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் உப்பு மீன், பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை என்ற அந்த வாழ்க்கையே நோய்க்கு வழி போட்டது.

எந்த உறுப்பு முதலில் விழும் என்பதிலும் கணக்கு இருக்கிறது. நரம்புகளும் மூளையும் தங்கள் சக்திக்குக் குளுக்கோஸைத்தான் பெரிதும் நம்பியிருக்கின்றன. முதுகுத் தண்டிலிருந்து பாதம் வரை ஓடும் நரம்பு இழைதான் உடம்பிலேயே நீளமானது. ஒரு மீட்டர் நீளத்துக்கு வேண்டியதையெல்லாம் செல்லின் மையத்திலிருந்து அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சக்தி குறைந்தால் கடைக்கோடிதான் முதலில் வாடும், அதனால்தான் மரத்துப்போவது பாதத்தில் தொடங்கி மேலே ஏறுகிறது. இதயத்தின் கதை வேறு. அது ஒரு நொடிகூட ஓய்வெடுக்க முடியாத தசை. தியாமின் இல்லாதபோது கைகால்களின் சிறு ரத்தக்குழாய்கள் விரிந்துவிடுகின்றன, ரத்தம் எதிர்ப்பில்லாமல் பாய்ந்து வேகமாகத் திரும்பி வருகிறது. இதயம் வழக்கத்தைவிட அதிகமாக இறைக்க வேண்டியிருக்கிறது, அதற்கான சக்தியோ கையில் இல்லை. சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கிறது, உடம்பு வீங்குகிறது. மற்ற இதயச் செயலிழப்புகளில் கை சில்லிட்டுப்போகும். இதில் கை சூடாகவே இருக்கும், நாடி குதிக்கும். அனுபவமுள்ள மருத்துவர் தொட்டவுடன் சந்தேகப்படும் இடம் அது.

சேமிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வைட்டமின் ஏ கல்லீரலில் மாதக்கணக்கில் இருக்கும். பி12 வருடக்கணக்கில் தாங்கும். தியாமின் அப்படியில்லை, உடம்பில் மொத்தமே 25 முதல் 30 மில்லிகிராம்தான். வரத்து அடியோடு நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் கையிருப்பு தீர்ந்துவிடும். கோலாலம்பூர் வார்டிலும் ஜாவாத் தொழிலாளர் முகாமிலும் வரத்து ஒரேயடியாக நிற்கவில்லை, குறைந்துதான் போனது. அதனால் வாரங்கள் மாதங்களாக நீண்டன, அவ்வளவே.

புழுங்கல் எப்படிக் காத்தது

நெல்மணியின் வெளியே உமி. உள்ளே அரிசியைச் சுற்றி மெல்லிய தவிட்டு உறை, ஒரு முனையில் முளைக்கரு. தியாமின் பெரும்பாலும் இந்த உறையிலும் கருவிலும்தான் இருக்கிறது. நடுவில் இருக்கும் வெள்ளைப் பகுதி கிட்டத்தட்ட வெறும் மாவு. உரலில் குத்தும்போது உமி போகும், தவிடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆலையில் தீட்டும்போது எல்லாமே வழித்துப் போய்விடும்.

நம்மூரில் நெல் புழுக்கும்போது என்ன செய்கிறோம்? தொட்டியில் ஊறப்போடுகிறோம், ஊறிய நெல்லை அவிக்கிறோம், களத்தில் பரப்பிக் காலால் கோடு இழுத்து உலர்த்துகிறோம். ஊறும்போது, நீரில் கரையும் தியாமின் தவிட்டு உறையிலிருந்து கரைந்து உள்ளே இறங்குகிறது. அவிக்கும்போது மாவு கொழகொழவென்று பசையாகிறது. காய்ந்ததும் அது கெட்டிப்பட்டு, இறங்கிய தியாமினை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் எல்லாம் போய்விடாது. 100 கிராம் கைக்குத்தல் அரிசியில் தியாமின் 0.3 முதல் 0.4 மில்லிகிராம் போல இருக்கும். தீட்டிய பச்சரிசியில் 0.1க்கும் கீழே போய்விடும். தீட்டிய புழுங்கலில் ஏறத்தாழ 0.2 நிற்கும். நாளுக்கு அரைக்கிலோ அரிசி சாப்பிடும் உழைப்பாளிக்கு இந்தச் சின்ன வித்தியாசம்தான் உயிர்.

புழுக்குகிற வேலையைக் கண்டுபிடித்தவர்கள் வைட்டமினை நினைத்துச் செய்திருக்க முடியாது. புழுக்கிய நெல்லைக் குத்தினால் அரிசி உடையாது, உமி எளிதாகக் கழலும், மூட்டையில் பூச்சி சீக்கிரம் விழாது. இந்தக் காரணங்களே போதும். ஆனால் அந்த வழக்கம் கடல் தாண்டிப் போன கூலித் தமிழர்களின் உயிரையும் காத்தது.

எல்லாத் தென்னிந்தியர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை. அன்றைய மதராஸ் மாகாணத்தின் வடக்குக் கடலோர மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கரையில், ஆலையில் தீட்டிய பச்சரிசிதான் வழக்கம். அங்கே பெரிபெரி நீண்ட காலம் இருந்தது. நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1918இல் மெக்கரிசன் என்ற மருத்துவர் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வுப் பிரிவுக்குப் பெயரே பெரிபெரி விசாரணைப் பிரிவுதான். பின்னால் அதன் பொறுப்புக்கு வந்த அய்க்ராய்ட், அரிசியைப் பற்றி அங்கேதான் விரிவாக ஆராய்ந்தார். அந்த ஓர் அறை வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

அப்புறம், தியாமினின் வேதியியல் கட்டமைப்பைக் கண்டறிந்து 1936இல் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தது அதே ஆந்திரக் கரையில், நெல்லூரில்தான். 1886இல் ஓர் அமெரிக்க மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். மணிலாவில் இளம் வேதியியலாளராக இருந்தபோது, மூச்சுத் திணறிக் கிடந்த ஒரு கைக்குழந்தைக்குத் தவிட்டுச் சாறு புகட்டி, சில மணி நேரத்தில் அது தேறியதைக் கண்ணால் பார்த்தவர். இருபத்தைந்து வருடம் அந்தப் பொருளையே துரத்தினார்.

இன்றைக்கு எங்கே ஒளிந்திருக்கிறது

பெரிபெரி பழங்கதை என்று நினைத்தால் தவறு. 2003இல் இஸ்ரேலில், சோயாவில் செய்த ஒரு பால்மாவில் தியாமின் விடுபட்டுப் போனது. அதை மட்டுமே குடித்த கைக்குழந்தைகள் நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள், பிழைத்தவர்களில் சிலருக்கு நரம்பு மண்டலப் பாதிப்பு நிரந்தரமானது. காஷ்மீரில் தீட்டிய அரிசியையே பெரிதும் உண்ணும் தாய்மார்களின் பச்சிளங்குழந்தைகள் திடீரென்று மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு வருவதையும், தியாமின் ஊசியில் தேறுவதையும் அங்குள்ள மருத்துவர்கள் தொடர்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். தாயைப் பார்த்தால் நன்றாகவே இருப்பார், அவருடைய பாலில்தான் தியாமின் இல்லை. சில மாதமே ஆன குழந்தை, வாய் திறந்து அழுகிறது, சத்தம் வரவில்லை என்றால் குரல்வளை நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அறிகுறி அது. தமிழ்நாட்டில் பேறுகாலத்துக்குப் பின் சில வீடுகளில் தாய்க்குப் பத்தியம் என்று வெறும் சோறும் ரசமும் மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள். பருப்பையும் முட்டையையும் நிறுத்தும் பத்தியம் எனக்கு நல்லதாகப் படவில்லை.

பெரியவர்களில் அதிகம் மாட்டுபவர்கள் குடிநோயாளிகள். மது, குடல் தியாமினை உறிஞ்சுவதைக் கெடுக்கிறது, சாப்பாட்டையும் குறைத்துவிடுகிறது. தியாமின் அற்றுப்போன மூளையில் குழப்பம், கண் அசைவில் தடுமாற்றம், நடையில் தள்ளாட்டம் என மூன்று அடையாளங்கள் தெரியும். 1881இல் இதை விவரித்த வெர்னிக்கேயின் பெயரில்தான் அந்த நோய் அறியப்படுகிறது. மூன்றும் சேர்ந்து வர வேண்டும் என்று காத்திருக்கக் கூடாது, பலருக்கு ஒன்றோ இரண்டோதான் தெரியும். குடித்துவிட்டு உளறுகிறார் என்று வீட்டில் விட்டுவிடுவதும் நடக்கிறது. சில நாளில் நினைவாற்றல் போய்விட்டால் அது பலருக்குத் திரும்புவதில்லை. கர்ப்ப காலத்தில் வாரக்கணக்கில் நிற்காத வாந்தி எடுப்பவர்கள், எடைகுறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், நீண்ட நாள் பட்டினி கிடந்தவர்கள், சிறுநீர் போக நீண்ட காலம் மாத்திரை எடுக்கும் இதய நோயாளிகள் ஆகியோரும் இந்த வரிசையில் உண்டு. இவர்களுக்கு முதலில் குளுக்கோஸ் பாட்டில் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சத் தியாமினும் அந்தக் குளுக்கோஸை எரிப்பதில் தீர்ந்து நிலைமை மோசமாகலாம். அதனால் தியாமினை முன்னாலோ கூடவோ கொடுப்பதுதான் முறை. அவசர நேரத்தில் சர்க்கரை தாழ்ந்திருந்தால் அதற்காகக் குளுக்கோஸைத் தள்ளிப்போடவும் கூடாது.

வீட்டு அடுக்களைக்கு வந்தால், அரிசியை நாலைந்து தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் களைவதில் இருக்கிற கொஞ்சமும் போகிறது. கழுநீர் தெளிந்து வரும்வரை தேய்க்க வேண்டிய அவசியமே இல்லை, தூசு போனால் போதும். கஞ்சியை வடித்துக் கொட்டினால் இன்னொரு பங்கும் போகும். பொங்கியோ குக்கரில் அளவு தண்ணீர் வைத்தோ சமைத்தால் அது தட்டிலேயே நிற்கும். பருப்பு சீக்கிரம் வேக ஆப்ப சோடா போடுவது தியாமினை அழித்துவிடும். உளுந்து, துவரை, பாசிப்பயறு, நிலக்கடலை, எள், கம்பு, முழுக்கோதுமை எல்லாவற்றிலும் தியாமின் தாராளம். புழுங்கல் அரிசியோடு உளுந்து சேர்ந்த இட்லி ஒரு நல்ல கூட்டு. சாப்பாட்டோடு சேர்த்துக் கடும் தேநீர் குடிப்பதும், நாள் முழுக்க வெற்றிலைப்பாக்கு போடுவதும் தியாமினைச் செயலிழக்கச் செய்யும், உணவு மெலிந்தவர்களுக்கு அது பெரிய இழப்பு.

இன்றைக்கு நம்மில் பெரும்பாலோர் பருப்பும் காயும் முட்டையும் சேர்த்துச் சாப்பிடுவதால், பச்சரிசிச் சோறு தின்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் பெரிபெரி வந்துவிடாது. பயப்பட வேண்டியது சோறும் ஊறுகாயுமாகவோ சோறும் ரசமுமாகவோ நாள் ஓட்டும் வீடுகளைப் பற்றித்தான்: தனியாகச் சமைத்துச் சாப்பிடும் முதியவர்கள், கட்டட வேலைக்கு ஊர்விட்டு வந்து கொட்டகையில் பொங்கித் தின்னும் தொழிலாளர்கள், குடிநோயாளி இருக்கும் குடும்பங்கள். கால் மரத்துப்போகிறது, நடந்தால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்று இவர்களில் ஒருவர் வந்தால், சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் சோதிக்கும் அதே நாளில், மூன்று வாரமாக என்ன சாப்பிட்டார் என்றும் கேட்க வேண்டும். ஆய்வகத்தில் தியாமின் அளவு பார்க்கும் வசதி எல்லா ஊரிலும் இல்லை. சந்தேகம் வந்தால் ஊசி போட்டுப் பார்ப்பதே சோதனையும் சிகிச்சையும், அதன் விலையும் குறைவு. ஈர பெரிபெரியில் இதயம் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் தெளியத் தொடங்கும், சிறுநீர் நிறையப் போகும், வீக்கம் வடியும். நரம்பு அவ்வளவு சீக்கிரம் திரும்பாது, பாதத்தில் உணர்வு வர மாதக்கணக்கில் ஆகும், முற்றியவர்களுக்கு முழுமையாக வராமலும் போகலாம்.